நல்லுறக்கமும் உடல்நலமும்: குறட்டை, இரவுப்பணி, பகற்சோர்வு குறித்து அறிய வேண்டியவை

உணவும் உடற்பயிற்சியும் உடல்நலத்துக்கு அடிப்படை என்பதைப் பெரும்பாலோர் ஏற்கின்றனர். உறக்கத்துக்கு அந்த இடம் எளிதில் கிடைப்பதில்லை. வேலை, பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக் கடன், தாயகத்து உறவுகளுக்கான கடமை ஆகியவற்றுக்கு நேரம் போதாதபோது முதலில் குறைக்கப்படுவது இரவு உறக்கமே. மேற்கு சிட்னியில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஒருவர் இரவுப்பணிக்கும் மற்றொருவர் அதிகாலைப் பணிக்கும் செல்வது அரிதன்று. பகலில் கண்ணயர்பவரைச் சோம்பேறி என்றும், உரக்கக் குறட்டை விடுபவரை ஆழ்ந்து உறங்குபவர் என்றும் கருதும் வழக்கமும் நம்மவரிடையே நீடிக்கிறது. இவ்விரு கருத்துகளும் பெரும்பாலும் தவறானவை. அவற்றை நம்பி மருத்துவரை நாடாமல் ஆண்டுகளைக் கடத்துவோருக்கு இதயநோய், பக்கவாதம், சாலை விபத்து ஆகிய இடர்கள் கூடுகின்றன.

திருக்குறளின் மடியின்மை அதிகாரம் கேட்டுக்கு இட்டுச்செல்லும் இயல்புகளுள் துயிலையும் ஒன்றாகச் சேர்க்கிறது. அங்கு கண்டிக்கப்படுவது அளவுமீறிய உறக்கம் என்றே மு. வரதராசனார் உரை கொள்கிறது. அளவான, இடையூறற்ற உறக்கம் உடலுக்குத் தேவையான ஒன்று. அது ஏன் தேவை, அது கெடுவதை எப்படி அறிவது, நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் எங்கு உதவி பெறுவது என்பன கீழே விளக்கப்படுகின்றன.

உறங்கும்போது உடலில் நிகழ்வன

உறங்கும் வேளையிலும் மூளை ஓய்ந்திருப்பதில்லை. ஏறத்தாழ 90 நிமிடங்கள் நீளும் சுழற்சிகளாக உறக்கம் அமைகிறது. ஓரிரவில் இத்தகைய சுழற்சிகள் நான்கு முதல் ஆறு வரை வரும். ஒவ்வொன்றிலும் மேலோட்டமான உறக்கம், ஆழ்ந்த உறக்கம், கண்மணிகள் இமைக்குள் விரைந்து அசையும் கனவு உறக்கம் ஆகிய நிலைகள் உள்ளன. இந்த விரைவு விழியசைவு நிலையை 1953ஆம் ஆண்டில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யூஜின் அசெரின்ஸ்கியும் நத்தானியல் கிளெய்ட்மனும் விவரித்து வெளியிட்டனர்.

ஆழ்ந்த உறக்கம் இரவின் முற்பாதியில் மிகுந்தும், கனவு உறக்கம் பிற்பாதியில் மிகுந்தும் காணப்படும். எனவே, வழக்கமாக ஏழு மணி நேரம் உறங்கும் ஒருவர் அதிகாலைப் பணிக்காக இரண்டு மணி நேரம் முன்னதாக எழுந்தால், அவர் இழப்பது பெரும்பாலும் கனவு உறக்கத்தையே.

ஆழ்ந்த உறக்கத்தின்போது வளர்ச்சி இயக்குநீர் மிகுதியாகச் சுரக்கிறது. பிள்ளைகளின் வளர்ச்சிக்கும் பெரியவர்களின் தசை, திசுச் சீரமைப்புக்கும் அது உதவுகிறது. பகலில் கற்றவையும் கண்டவையும் உறக்கத்தின்போது நினைவில் உறுதிப்படுகின்றன. இதயத்துடிப்பு குறைகிறது, இரத்த அழுத்தம் பகல் அளவைவிட ஏறத்தாழ 10 முதல் 20 விழுக்காடு தாழ்கிறது. இதயத்துக்கும் இரத்தக் குழாய்களுக்கும் அன்றாடம் கிடைக்கும் ஓய்வு இதுவே. உறக்கம் அடிக்கடி கலைந்தால் இந்த ஓய்வு கிடைக்காமற் போகிறது.

உறக்கம் வரும் நேரத்தை இரு விசைகள் முடிவு செய்கின்றன. ஒன்று, விழித்திருக்கும் நேரம் நீள நீள மூளையில் சேரும் அடினோசின் என்னும் பொருள். அது சேரச் சேர உறக்க உணர்வு மிகும். தேநீரிலும் காப்பியிலும் உள்ள காஃபின் இந்தப் பொருளின் செயலை மறைக்கிறதே தவிர, உறக்கத்தின் தேவையை நீக்குவதில்லை. மற்றொன்று, மூளையின் உட்பகுதியில் அமைந்த உயிர்க்கடிகாரம். கண்ணுக்குள் புகும் ஒளியைக் கொண்டு அது நாளைக் கணிக்கிறது. இருள் சூழ்ந்ததும் மெலட்டோனின் என்னும் இயக்குநீர் சுரந்து, இரவு வந்துவிட்டதை உடலுக்கு அறிவிக்கிறது. உயிர்க்கடிகாரம் உயிரணுக்களுக்குள் இயங்கும் முறையைக் கண்டறிந்தமைக்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ரோஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கு 2017ஆம் ஆண்டில் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

எவ்வளவு உறக்கம் வேண்டும்?

நாள் ஒன்றுக்குப் பரிந்துரைக்கப்படும் உறக்க அளவு வயதுக்கேற்ப மாறுபடும். குழந்தைகளுக்கு உரிய அளவில் பகல் உறக்கமும் அடங்கும்.

• பிறந்தது முதல் 3 மாதம் வரை: 14 முதல் 17 மணி நேரம்
• 4 முதல் 11 மாதம் வரை: 12 முதல் 15 மணி நேரம்
• 1 முதல் 2 வயது வரை: 11 முதல் 14 மணி நேரம்
• 3 முதல் 5 வயது வரை: 10 முதல் 13 மணி நேரம்
• 6 முதல் 13 வயது வரை: 9 முதல் 11 மணி நேரம்
• 14 முதல் 17 வயது வரை: 8 முதல் 10 மணி நேரம்
• 18 முதல் 64 வயது வரை: 7 முதல் 9 மணி நேரம்
• 65 வயதும் அதற்கு மேலும்: 7 முதல் 8 மணி நேரம்

மணிக்கணக்கு மட்டும் போதாது. எட்டு மணி நேரம் படுக்கையில் இருந்தும், காலையில் களைப்புடன் எழுந்து பகலெல்லாம் கண் செருகுமாயின், அந்த உறக்கம் தரமானதன்று. படுத்தபின் அரை மணி நேரத்துக்குள் உறங்குதல், இரவில் நெடுநேரம் விழித்துக் கிடவாமை, காலையில் புத்துணர்வுடன் எழுதல் ஆகியவை நல்லுறக்கத்தின் அடையாளங்கள்.

உறக்கம் குறைந்தால் விளைவன

அமெரிக்க இதயச் சங்கம் 2022ஆம் ஆண்டில் இதயநலத்துக்கான தன் அடிப்படைக் கூறுகளின் பட்டியலில் உறக்கத்தையும் சேர்த்தது. உணவு, உடலியக்கம், புகையிலை தவிர்த்தல், எடை, கொழுப்பு, சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகிய ஏழுடன் உறக்கம் எட்டாவதாக இடம்பெற்றது. தொடர்ந்து குறைவாக உறங்குவோரிடம் உயர் இரத்த அழுத்தம், மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவை கூடுதலாகக் காணப்படுவதே இதற்குக் காரணம்.

நீரிழிவுக்கும் உறக்கத்துக்கும் உள்ள தொடர்பு தெற்காசியருக்குச் சிறப்பாகப் பொருந்துவது. நலமான இளைஞர் 11 பேரை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே உறங்கவிட்டு நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 1999ஆம் ஆண்டில் வெளியானது. அவர்களின் உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் அந்தச் சில நாள்களிலேயே தெளிவாகக் குறைந்தது. உறக்கம் குறையும்போது பசியைத் தூண்டும் இயக்குநீர் கூடுகிறது. வயிறு நிறைந்ததை உணர்த்தும் இயக்குநீர் குறைகிறது. இதனால் மாவுப்பண்டங்களையும் இனிப்பையும் உடல் நாடுகிறது. தெற்காசியருக்கு மற்றவரைவிடக் குறைந்த எடையிலும் இளம் வயதிலுமே நீரிழிவு தோன்றக்கூடும் என்பதால், சோற்றின் அளவைக் கவனிப்பவர்கள் உறக்கத்தின் அளவையும் கவனிப்பது நன்று.

நோய் எதிர்ப்பு ஆற்றலும் உறக்கத்தைச் சார்ந்தது. 164 தன்னார்வலர்களின் மூக்கினுள் சளிக்கிருமியைச் செலுத்தி அமெரிக்காவில் நடத்திய ஆய்வொன்று 2015ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. இரவில் ஆறு மணி நேரத்துக்குக் குறைவாக உறங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு, ஏழு மணி நேரத்துக்கு மேல் உறங்கியவர்களைவிட நான்கு மடங்குக்கு மேல் இருந்தது. மனநலத்திலும் இத்தொடர்பு உண்டு. மனச்சோர்வும் பதற்றமும் உறக்கத்தைக் கெடுக்கின்றன. கெட்ட உறக்கம் அவற்றை மேலும் வளர்க்கிறது.

'பழகிவிட்டது' என்னும் எண்ணம்

ஐந்து அல்லது ஆறு மணி நேர உறக்கமே தமக்குப் போதும், அது பழகிவிட்டது என்று கூறுவோர் பலர். இக்கூற்றை ஆய்வுகள் ஆதரிக்கவில்லை. 2003ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், நாள்தோறும் ஆறு மணி நேரமும் அதற்குக் குறைவாகவும் உறங்கியவர்கள் இரண்டு வாரங்கள் கண்காணிக்கப்பட்டனர். அவர்களின் கவனமும் விரைவும் நாளுக்கு நாள் சரிந்து, இறுதியில் ஓரிரு இரவுகள் முற்றிலும் உறங்காதவர்களின் நிலையை எட்டின. ஆனால் தங்களுக்கு உறக்கக் கலக்கம் பெரிதாக இல்லை என்றே அவர்கள் கருதினர். உறக்கக் குறைவு முதலில் பாதிப்பது, அக்குறைவை உணரும் திறனையே. எனவே இதில் தன் மதிப்பீட்டைவிட, உடன் வாழ்பவர்கள் கூறுவதற்குக் கூடுதல் மதிப்பளிக்க வேண்டும்.

குறட்டையும் உறக்க மூச்சுத்தடையும்

எல்லாக் குறட்டையும் நோயன்று. ஆனால் உரத்த குறட்டை இடையில் திடீரென நின்று, சில வினாடிகள் அமைதி நிலவி, பின்னர் மூச்சுத் திணறலுடன் அல்லது பெருமூச்சுடன் மீண்டும் தொடங்குமாயின், அது உறக்க மூச்சுத்தடையின் அறிகுறியாகலாம். ஸ்லீப் அப்னியா என்று மருத்துவர்கள் குறிப்பிடுவது இதனையே.

உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு அப்போது மூச்சுப்பாதை ஒடுங்கி அடைபடுகிறது. பத்து வினாடிகளோ அதற்கு மேலோ மூச்சு நின்றதும் இரத்தத்தில் உயிர்வளி குறைகிறது. மூளை எச்சரிக்கையடைந்து உறங்குபவரை ஒரு கணம் விழிக்கச் செய்கிறது. மூச்சு திரும்பியதும் அவர் மீண்டும் உறங்கிவிடுவார். காலையில் அது அவர் நினைவில் இராது. ஒரு மணி நேரத்தில் இத்தகைய தடைகள் ஐந்துக்குக் குறைவாக இருப்பது இயல்பு. முப்பதும் அதற்கு மேலும் கடுமையான நிலை. கடுமையான நிலையில் உள்ளவர் இரவெல்லாம் இரண்டு நிமிடங்களுக்கு ஒருமுறை உறக்கம் கலைகிறார். ஒவ்வொரு தடையின்போதும் இரத்த அழுத்தம் உயர்வதால் இதயம் ஓய்வடைவதில்லை. மருந்துக்குக் கட்டுப்படாத இரத்த அழுத்தம் உள்ளவர்களிடம் இந்நோய் பெரிதும் காணப்படுகிறது.

பின்வரும் அறிகுறிகள் இருப்பின் மருத்துவரை அணுக வேண்டும்:

• அடுத்த அறைக்குக் கேட்கும் குறட்டை
• உறக்கத்தில் மூச்சு நிற்பதைத் துணைவரோ பிள்ளைகளோ கண்டிருத்தல்
• மூச்சுத் திணறி விழித்தெழுதல்
• காலையில் தலைவலி, வாய் உலர்தல்
• இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுதல்
• தொலைக்காட்சி பார்க்கும்போதும், வழிபாட்டிலோ கூட்டத்திலோ அமர்ந்திருக்கும்போதும் தன்னையறியாமல் உறங்கிவிடுதல்
• எரிச்சல், மறதி, கவனக்குறைவு

உடற்பருமன் உள்ளவர்களுக்கும், கழுத்து தடித்தவர்களுக்கும், ஐம்பது வயதைக் கடந்த ஆண்களுக்கும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இடர் கூடுதல். எனினும் மெலிந்தவர்களுக்கும் இது வரலாம். ஆசியருக்கு உடல் நிறைச் சுட்டெண் 23 என்ற அளவிலிருந்தே இடர் கூடத் தொடங்குவதாக உலக நலவாழ்வு நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004ஆம் ஆண்டில் சுட்டிக்காட்டியது. ஆகவே, 'பருமன் இல்லை, அதனால் இந்நோய் இராது' என்று முடிவு செய்வது சரியன்று. பெண்களிடம் குறட்டையைவிடக் களைப்பும் உறக்கமின்மையும் மேலோங்கித் தோன்றுவதால், நோய் கண்டறியப்படாமல் போவதுண்டு.

இந்நோய்க்கு உலகெங்கும் வழங்கப்படும் முதன்மைச் சிகிச்சை சிட்னியில் உருவானது. சிட்னிப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் காலின் சலிவன் 1980ஆம் ஆண்டில் சீபாப் கருவியை முதன்முதலாக நோயாளி ஒருவரிடம் பயன்படுத்தினார். அதன் பயனை அடுத்த ஆண்டில் வெளியிட்டார். மூக்கின் மீது பொருத்தும் கவசத்தின் வழியாக மெல்லிய அழுத்தத்துடன் காற்றைச் செலுத்தி, மூச்சுப்பாதை அடைபடாமல் இக்கருவி காக்கிறது. தொடக்கத்தில் கவசம் இடையூறாகத் தோன்றலாம். அளவு சரியில்லாத கவசத்தை மாற்றிக்கொள்வதன் மூலமும் சில வாரப் பழக்கத்தின் மூலமும் பெரும்பாலோர் அதை ஏற்கின்றனர். நோய் கடுமையற்ற சிலருக்கு எடைக் குறைப்பு, மல்லாந்து படுப்பதைத் தவிர்த்தல், கீழ்த்தாடையை முன்னிறுத்தும் பற்கருவி ஆகியவை உதவும்.

உறக்கக் கலக்கத்தில் வாகனம் ஓட்டுதல்

நியூ சவுத் வேல்ஸ் சாலைகளில் உயிரிழப்புக்கு வழிவகுக்கும் முதன்மையான மூன்று காரணங்களுள், மிகைவேகத்துடனும் மதுவுடனும் சேர்த்து ஓட்டுநர் சோர்வும் எண்ணப்படுகிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதன் அளவை உணர்த்துகிறது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 அளவு மது உள்ளவரின் நிலைக்கு இறங்கியது. முழு உரிமம் உள்ள ஓட்டுநர் இம்மாநிலத்தில் எட்டக்கூடாத மது அளவு அதுவே. காலை 6 மணிக்கு எழுந்தவருக்கு இரவு 11 மணிக்கே 17 மணி நேரம் நிறைவுறுகிறது. டாக்ஸி, பேருந்து ஓட்டுநர்களுக்கான மது வரம்பு இன்னும் குறைவாக 0.02 என வரையறுக்கப்பட்டுள்ளது. மதுவைத் தொடாதவர்களும் உறக்கமின்றி ஓட்டும்போது அதே இடரைச் சுமந்து செல்கின்றனர்.

கடும் உறக்கக் கலக்கத்தில் சில வினாடிகள் மட்டும் மூளை உறங்கிவிடுவதுண்டு. கண் திறந்திருக்கும்போதும் இது நேரலாம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் நான்கு வினாடிகளில் 110 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். சாளரத்தைத் திறப்பதும், பாட்டின் ஒலியைக் கூட்டுவதும், முகம் கழுவுவதும் உறக்கத்தைத் தடுப்பதில்லை. கொட்டாவி தொடர்வது, கடந்துவந்த சாலை நினைவில் இல்லாதது, வாகனம் தடத்தை விட்டு விலகுவது ஆகியவை நேர்ந்தால், பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி 15 முதல் 20 நிமிடங்கள் உறங்க வேண்டும். நெடும்பயணத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓய்வெடுக்க வேண்டும். கான்பராவிலோ மெல்பேர்ணிலோ நடக்கும் திருமணத்துக்குச் சென்று அன்றிரவே திரும்புவோர் இதனை முன்கூட்டியே திட்டமிடுவது நன்று.

உறக்க மூச்சுத்தடை உள்ளவர்களில் சிகிச்சை பெறாதவர்களுக்கே விபத்து இடர் கூடுதல். உரிமம் பறிபோகும் என்ற அச்சத்தால் டாக்ஸி, பார ஊர்தி ஓட்டுநர்கள் சிலர் மருத்துவரிடம் குறட்டையைப் பற்றிக் கூறத் தயங்குகின்றனர். தேசிய மருத்துவ விதிகளின்படி, சிகிச்சையை முறையாகப் பின்பற்றி நோய் கட்டுப்பாட்டில் இருப்பவர் மருத்துவ மதிப்பீட்டின் பேரில் தொடர்ந்து ஓட்ட இயலும். ஓட்டும் திறனைப் பாதிக்கும் நீடித்த நோயை உரிமம் வழங்கும் அமைப்புக்குத் தெரிவிப்பது ஓட்டுநரின் கடமை.

இரவுப்பணியும் தாயகத் தொடர்புகளும்

முதியோர் இல்லங்கள், மருத்துவமனைகள், பண்டகசாலைகள், தொழிற்சாலைகள் ஆகியவற்றில் இரவுப்பணி தவிர்க்க இயலாதது. இரவுப்பணியாளரின் உயிர்க்கடிகாரம் பகலில் விழித்திருக்கவே பணிப்பதால், பகல் உறக்கம் குறைந்தும் கலைந்தும் போகிறது. உயிர்க்கடிகாரத்தைக் குலைக்கும் இரவுப்பணியை, புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்னும் வகையில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல் வைத்தது. 2019இல் அதனை மீண்டும் உறுதிசெய்தது. வேலையை விட இயலாதவர்கள் இடரைக் குறைக்கப் பின்வருவனவற்றைச் செய்யலாம்:

• பணிக்குச் செல்லும் முன் மாலையில் சிறிது நேரம் உறங்குதல்
• பணியின் முற்பாதியில் மட்டும் தேநீர் அல்லது காப்பி அருந்துதல்
• வீடு திரும்பும்போது வாகனம் ஓட்டாதவர்கள் கறுப்புக் கண்ணாடி அணிதல். மிகக் களைப்பாயின் பேருந்திலோ தொடர்வண்டியிலோ திரும்புதல்
• தடித்த திரைச்சீலையால் அறையை இருளாக்கி, கைபேசியை வேறு அறையில் வைத்தல்
• பகலில் உறங்குபவரை எழுப்பக்கூடாத நேரத்தைக் குடும்பத்தார் அறிய எழுதி வைத்தல்

இறுதியாகக் கூறப்பட்டது எளிதாகத் தோன்றினும் முதன்மையானது. இரவுப்பணி முடித்துவந்த பெண்ணே சமையலையும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதையும் முடித்த பின்னர் மூன்று மணி நேரம் மட்டும் உறங்கும் நிலை பல வீடுகளில் உள்ளது. அவருடைய பகல் உறக்கம் மற்றவரின் இரவு உறக்கத்துக்கு நிகரானது என்பதைக் குடும்பம் ஏற்க வேண்டும்.

இரவுப்பணி இல்லாதவர்களின் உறக்கத்தையும் நேர வேறுபாடு பறிக்கிறது. சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் சிட்னி நான்கரை மணி நேரம் முந்தியது. அக்டோபர் முதல் ஞாயிறு தொடங்கி ஏப்ரல் முதல் ஞாயிறு வரையுள்ள கோடைகால நேரத்தில் ஐந்தரை மணி நேரம் முந்தியது. அங்கு இரவு 8.30 மணிக்கு வரும் அழைப்பு இங்கு நள்ளிரவு 1 மணிக்கோ 2 மணிக்கோ ஒலிக்கும். சிட்னியில் மாலை 7 மணி என்பது அங்கு பிற்பகல் 2.30 அல்லது 1.30 மணி. அந்த நேரத்தை அன்றாட உரையாடலுக்கு வகுத்துக்கொண்டு, இரவில் அவசர அழைப்புகள் மட்டும் ஒலிக்குமாறு கைபேசியை அமைத்துக்கொள்ளலாம்.

உறக்கமின்மையும் மாத்திரைகளும்

வாரத்தில் மூன்று இரவுகளுக்கு மேல், மூன்று மாதங்களுக்கும் கூடுதலாக உறக்கம் வராமலோ இடையில் கலைந்தோ வாடுவது நாட்பட்ட உறக்கமின்மை. இதற்கு முதலில் பரிந்துரைக்கப்படுவது மாத்திரையன்று. அறிதல் நடத்தைச் சிகிச்சை என்னும் முறை. படுக்கையில் விழித்துக் கிடக்கும் பழக்கத்தை மாற்றுதல், படுக்கை நேரத்தை வரையறுத்தல், உறக்கம் பற்றிய அச்சத்தைக் குறைத்தல் ஆகியவற்றை இதில் உளவியலாளர் கற்பிக்கிறார். சில வார அமர்வுகளில் கிடைக்கும் பயன் மாத்திரையைவிட நெடுநாள் நிலைக்கிறது.

உறக்க மாத்திரைகள் குறுகிய காலத்துக்கு உரியவை. நெடுநாள் உட்கொண்டால் சில மாத்திரைகளுக்கு உடல் அடிமைப்படும். முதியோருக்குத் தள்ளாட்டமும் விழுதலும் நேரும். தாயகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட மாத்திரைகளையோ, உறவினருக்கு எழுதித் தரப்பட்டவற்றையோ உட்கொள்வது இடரானது. உறக்க மூச்சுத்தடை உள்ளவர்களுக்குச் சில மாத்திரைகள் அதனை மோசமாக்கும். மருந்தை ஏற்கெனவே நெடுநாள் உட்கொள்பவர் திடீரென நிறுத்தாமல், மருத்துவரின் வழிகாட்டலில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

உறக்கமின்மைக்குப் பின்னால் வேறு நோயும் இருக்கலாம். படுத்ததும் கால்களில் ஊர்வது போன்ற உணர்வு தோன்றி, காலை அசைத்தால் மட்டும் தணிவது அமைதியற்ற கால் நோயாகும். இரும்புச்சத்துக் குறைவு இதற்கு ஒரு காரணம். சைவ உணவினரும் கருவுற்ற பெண்களும் இதற்கான இரத்தப் பரிசோதனை குறித்து மருத்துவரிடம் கேட்கலாம். தைராய்டு கோளாறு, நீடித்த வலி, மனச்சோர்வு ஆகியவையும் உறக்கத்தைக் கெடுக்கும்.

துயர நினைவுகளும் கொடுங்கனவுகளும்

போர், தடுப்புக்காவல், கடல்வழிப் பயணம், உறவுகளின் இழப்பு ஆகியவற்றைக் கடந்து வந்தவர்களில் சிலருக்கு ஆண்டுகள் பல சென்ற பின்னரும் கொடுங்கனவுகள் தொடர்கின்றன. கனவுக்கு அஞ்சி உறங்காதிருப்பதும், சிறு ஓசைக்கும் திடுக்கிட்டு விழிப்பதும், விளக்கை அணைக்க இயலாதிருப்பதும் மனவுறுதி இன்மையின் அடையாளங்கள் அல்ல. அச்சத்தில் வாழ்ந்த மூளை இன்னும் காவல் காக்கும் நிலை அது. இதற்குச் சிகிச்சை உண்டு. சித்திரவதைக்கும் பேரதிர்ச்சிக்கும் உள்ளான அகதிகளுக்காக நியூ சவுத் வேல்ஸில் 1988 முதல் இயங்கும் ஸ்டார்ட்ஸ் அமைப்பு உளவள ஆலோசனை வழங்குகிறது. குடும்ப மருத்துவர் வழியாகவோ நேரடியாகவோ அதனை அணுகலாம்.

பிள்ளைகளும் முதியோரும்

கைக்குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும்; தலையும் முகமும் மூடப்படாதிருக்க வேண்டும்; மெத்தை சமதளமாகவும் உறுதியாகவும் இருக்க வேண்டும். முதல் ஆறு மாதங்களுக்கேனும் பெற்றோரின் அறையில் தனித் தொட்டிலில் குழந்தை உறங்குவது திடீர் மரண இடரைக் குறைக்கும். சேலையில் கட்டும் ஏணை அல்லது தூளி வளைந்து கொடுப்பதால் இந்த வரையறைக்குப் பொருந்தாது. அதில் குழந்தை உறங்கிவிட்டாலும் தொட்டிலுக்கு மாற்றுவது பாதுகாப்பானது.

பதின்ம வயதில் உயிர்க்கடிகாரம் இயல்பாகவே பின்தள்ளிப் போகிறது. இரவு 11 மணிக்கு முன் உறக்கம் வராதது பிடிவாதத்தால் மட்டும் நேர்வதன்று. ஆயினும் பள்ளி தொடங்கும் நேரம் மாறுவதில்லை. எச்.எஸ்.சி. தேர்வுக்கும் செலக்டிவ் பள்ளித் தேர்வுக்கும் பயிலும் பிள்ளைகளை நள்ளிரவைத் தாண்டிப் படிக்க வைப்பது எதிர்விளைவையே தரும். கற்றது நினைவில் நிலைபெறும் நேரத்தைக் குறைத்துக் கூடுதலாகக் கற்பதில் பயன் இல்லை.

முதுமையில் உறக்கம் மேலோட்டமாகவும் விரைவில் கலைவதாகவும் மாறும். பெரும்பகுதி நேரத்தை வீட்டுக்குள்ளேயே கழிக்கும் தாத்தா, பாட்டியருக்குப் பகல் வெளிச்சம் போதிய அளவு கிடைப்பதில்லை. காலையில் பூங்காவில் நடப்பது அவர்களின் உறக்கத்துக்கும் நல்லது. மெலட்டோனின் மாத்திரையின் ஒரு வகை 55 வயதைக் கடந்தவர்களுக்கு மருந்தாளரின் ஆலோசனையுடன் கிடைக்கும். மற்றவர்களுக்கு மருத்துவரின் சீட்டு தேவை.

நல்லுறக்கத்துக்கான நடைமுறைகள்

• விடுமுறை நாளிலும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் எழுதல்
• எழுந்த பின் சிறிது நேரம் வெளிச்சத்தில் நடத்தல்
• பிற்பகலுக்குப் பின் தேநீரையும் காப்பியையும் தவிர்த்தல். அருந்திய காஃபினில் பாதி, ஏறத்தாழ ஐந்து மணி நேரத்துக்குப் பின்னும் உடலில் எஞ்சியிருக்கும்
• படுக்கைக்குச் செல்வதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னரே இரவுணவை முடித்தல்
• உறக்கம் வருவதற்காக மது அருந்தாமை, அது விரைவில் உறங்கவைத்துப் பின்னிரவு உறக்கத்தைக் கெடுக்கும், குறட்டையையும் கூட்டும்
• பகல் உறக்கம் வேண்டின் பிற்பகல் 3 மணிக்கு முன் 20 நிமிடங்களுக்குள் முடித்தல்
• இருபது நிமிடங்களாகியும் உறக்கம் வராவிடின் எழுந்து, மங்கிய ஒளியில் அமைதியான செயலில் ஈடுபட்டு, கண் செருகும்போது மீண்டும் படுத்தல்

மருத்துவரை அணுகுதல்

முதலில் அணுக வேண்டியவர் குடும்ப மருத்துவர். செல்லுமுன் இரண்டு வாரங்களுக்கு, படுத்த நேரம், எழுந்த நேரம், இடையில் விழித்த முறை, பகலில் கண்ணயர்ந்த வேளை, உட்கொண்ட மருந்துகள் ஆகியவற்றைக் குறித்துவைப்பது பயன் தரும். குறட்டையை உடனுறைபவர் கைபேசியில் பதிவு செய்து கொடுக்கலாம். துணைவரும் உடன் செல்வது நன்று.

மெல்பேர்ணின் எப்வர்த் மருத்துவமனையில் உருவாகி 1991இல் வெளியான எட்டு வினாக்கள் கொண்ட உறக்கக் கலக்க அளவையை மருத்துவர் பயன்படுத்தக்கூடும். படிக்கும்போது, தொலைக்காட்சி பார்க்கும்போது, காரில் பயணியாக இருக்கும்போது கண்ணயரும் வாய்ப்பு எவ்வளவு என அது கேட்கும். மொத்தம் 24 மதிப்பெண்களில் 10க்கு மேற்பட்டால் மேலும் ஆராய வேண்டும். தன்மானம் கருதிக் குறைத்துக் கூறாமல் உள்ளபடி விடையளிப்பது இன்றியமையாதது. உறக்கப் பரிசோதனைக்கு அனுப்புவதா என்னும் முடிவு இவ்விடைகளையும் சார்ந்தது. உரிய பரிந்துரை இருப்பின் வீட்டிலோ மருத்துவமனையிலோ நடக்கும் அப்பரிசோதனைக்கு மெடிகேர் உதவித்தொகை உண்டு. சீபாப் கருவியின் விலையைப் பொதுவாக மெடிகேர் ஏற்பதில்லை. வாங்குமுன் வாடகைக்குப் பெற்றுச் சோதிக்கலாம். வருமானம் குறைந்தவர்கள் எனேபிள் நியூ சவுத் வேல்ஸ் திட்டத்தின் உதவி பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். மனநலச் சிகிச்சைத் திட்டம் வகுக்கப்பட்டவர்களுக்கு ஓராண்டில் 10 தனிநபர் உளவியல் அமர்வுகள் வரை மெடிகேர் உதவி கிடைக்கும்.

உதவி பெறும் எண்கள்

• உயிருக்கு ஆபத்தான அவசர நிலை: 000
• ஹெல்த்டைரக்ட், 24 மணி நேரமும் செவிலியரின் ஆலோசனை: 1800 022 222
• லைஃப்லைன், மன நெருக்கடியில் 24 மணி நேர உதவி: 13 11 14
• தொலைபேசி உரைபெயர்ப்புச் சேவை: 131 450

ஆங்கிலத்தில் உரையாடத் தயங்குபவர்கள் முதலில் 131 450 என்ற எண்ணை அழைத்து, 'தமிழ்' என்று கூறி, பேச வேண்டிய சேவையின் பெயரையும் எண்ணையும் தெரிவிக்கலாம். குடும்ப மருத்துவர்களும் இச்சேவையைக் கட்டணமின்றிப் பயன்படுத்த இயலும். நேரம் குறிக்கும்போதே உரைபெயர்ப்பாளர் வேண்டும் எனக் கேட்க வேண்டும். கொடுங்கனவு, மணவாழ்க்கை, மனச்சோர்வு ஆகியவற்றைப் பற்றிப் பேசும்போது பிள்ளைகளை உரைபெயர்ப்பாளராக அழைத்துச் செல்வதைத் தவிர்க்க வேண்டும். தொழில்முறை உரைபெயர்ப்பாளர் கேட்டவற்றை வெளியில் கூறாதிருக்கக் கடமைப்பட்டவர்.